மேற்பரப்புக்கு இன்னும் செய்தி போகவில்லை

1

இது கட்டுரையாகத் தொடங்கியது. ஒரு மாத இதழ்க்காரர்கள், நட்சத்திரங்கள் எப்படிச் சாகின்றன, கருந்துளை எப்படி உண்டாகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி எட்டுப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். கஸாக் மலையில் வானாய்வுக் கூடத்தில் இருபது வருஷம் இருந்தவர் நீங்கள், உங்களுக்கு என்ன, கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவீர்கள் என்றார்கள். எழுதினேன். ஹைட்ரஜன் எரிவது, ஹீலியம் எரிவது என்று இரண்டு பக்கம் ஒழுங்காகத்தான் போயிற்று. மூன்றாவது பக்கத்தில், 'உள்ளே நடந்து முடிந்தது வெளியே இருப்பதற்குத் தெரியாது' என்று ஒரு வாக்கியம் விழுந்தது. அதோடு கட்டுரை படுத்துவிட்டது. மக்பால் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மர்மம் வைத்துக் கதை சொல்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. இருப்பதை இங்கேயே கொட்டிவிடுகிறேன். தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஜூலை மாதம். மலைமேல் மக்பால் என்று ஒரு தாய். கீழே அவள் மகன் எர்தோஸ் செத்துப்போனான். மேலே இருந்த எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அடக்கத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் இறங்கிப்போய் மகன் முகத்தைப் பார்த்திருப்பாள். அவ்வளவுதான் கதை.

நான் அந்த வாரம் மலையில் இல்லை, விடுப்பில் போயிருந்தேன். இதெல்லாம் கபித் என்கிற நண்பன் சொல்லக் கேட்டது. தட்டு அறையை, அதாவது வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தட்டுகள் இருந்த அறையை, பார்த்துக்கொண்டவன் அவன்.

2

தொடக்கங்கள். அடித்தவற்றை அப்படியே விட்டு வைக்கிறேன்.

'செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முப்பது லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம்' (வேண்டாம். முப்பது லட்சம் என்று எழுதினாலே வாசகர் மரியாதையாக எழுந்து நின்றுவிடுகிறார். எனக்கு உட்கார்ந்து கேட்கிறவர் வேண்டும்.)

'கபித்துக்கு அன்று தொண்டையில் என்னவோ அடைத்தது.' (அடைத்ததாம். பொய். அன்று அவன் நன்றாகச் சாப்பிட்டான். பாலூற்றிய தேநீர் மூன்று கிண்ணம் குடித்தான்.)

'அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால்'

இதுதான் உண்மையான தொடக்கம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாள் இருந்ததுபோல் அவள் இருந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.*

* கதையில் 'அவள்' என்கிறேன். நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. என்னைவிட ஏழு வயது மூத்தவள். 'அப்கே' என்றுதான் கூப்பிடுவோம், அக்கா என்று அர்த்தம்.

3

கட்டுரையின் பிழைத்த பகுதி. இதழ்க்காரர்களுக்காக எழுதியது, எறிய மனசு வரவில்லை.

நட்சத்திரம் என்பது தன் பாரத்தையே தாங்கிக்கொண்டு நிற்கிற ஒரு நெருப்பு. எடை உள்ளே அழுத்துகிறது, வெப்பம் வெளியே தள்ளுகிறது. இந்தத் தள்ளுமுள்ளு நடக்கிறவரைக்கும் உயிர் இருக்கிறது. நம் சூரியனைப் போல இருபத்தைந்து மடங்கு எடையுள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனை எரித்து எழுபது லட்சம் வருஷம் ஓட்டும். அது தீர்ந்ததும் ஹீலியம், ஏழெட்டு லட்சம் வருஷம். அப்புறம் கார்பன், சில நூறு வருஷம். நியான் ஒரு வருஷம். ஆக்சிஜன் ஆறு மாதம். கடைசியில் சிலிக்கான், அது ஒரே நாள். போகப்போகக் காலம் சுருங்கிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். சிலிக்கான் எரிந்தால் மிஞ்சுவது இரும்பு. இரும்பை எரித்து ஒன்றும் கிடைக்காது. அடுப்பு அணைகிறது. நடுப்பகுதி தன் எடையிலேயே உள்ளே விழுகிறது. அதற்கு ஆகிற நேரம் ஒரு விநாடியில் கால் பங்கு.

பெரும்பாலும் அந்த விழுகை எகிறித் திரும்பி நட்சத்திரம் வெடித்துச் சிதறும். உலகமே பார்க்கும். சில நட்சத்திரங்களில் வெடிப்பு தோற்றுப்போகும். கிளம்பிய அதிர்ச்சி வெளியே வர முடியாமல் அடங்கிவிடும். நடுவே கருந்துளை உண்டாகிவிட்டிருக்கும், அதிலிருந்து ஒளிகூடத் தப்பாது. மேலே உள்ள அடுக்குகளுக்கு விஷயம் தெரியாது. கோடிக்கணக்கான கல் தொலைவில் அவை எப்போதும்போல் சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். காலடியில் எதுவும் இல்லை என்பது மேற்பரப்புக்குப் போய்ச் சேர நாளாகும், சில சமயம் மாதமாகும். பிறகு அதுவும் சத்தமில்லாமல் மங்கி உள்ளே போய்விடும். நேற்று இருந்த புள்ளி இன்று இல்லை. அழுவதற்கு ஒரு வெளிச்சம்கூட இல்லை.

(கடைசி வாக்கியத்தை இதழ்க்காரர்கள் வெட்டியிருப்பார்கள். நியாயம்தான்.)

4

மக்பால் பதினொரு வருஷமாக இப்படிக் காணாமல் போகிற ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்து விண்மீன் மண்டலம் ஒன்றில் நூற்று நாற்பது சிவப்பு நட்சத்திரங்களைக் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை கண்ணாடித் தட்டில் படம் எடுத்து, பழைய தட்டையும் புதிய தட்டையும் ஒப்பிடும் கருவியில் வைத்துப் பார்ப்பாள். கருவி இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டும். தட்டில் வானம் வெள்ளை, நட்சத்திரம் கறுப்புப் புள்ளி. இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தால் புள்ளி அசையாது. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால் கண்ணைச் சிமிட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு எழுபத்தொன்றாம் எண் சிமிட்டியது.

வெளியூர்க் கூடங்களில் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு மாஸ்கோவும் காசு அனுப்புவதில்லை, அல்மாட்டியும் அனுப்புவதில்லை. மிஞ்சியிருந்தவர்கள் ஒன்பது பேர். இரண்டு வருஷமாகக் கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு. அந்த நிலைமையில் மக்பால் நடைக்கூடத்தில் ஓடி வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. தட்டில் தூசியாக இருக்கலாம், மருந்துப் பூச்சில் குமிழாக இருக்கலாம், பத்து முறை பார்க்க வேண்டும், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். கபித்திடம், அறுபத்தொன்றாம் வருஷத்திலிருந்து எழுபத்துநான்காம் வருஷம் வரைக்கும் உள்ள தட்டுகள் அத்தனையும் எடுத்துக் கொடு, இது முன்னால் எப்போதாவது மங்கியிருக்கிறதா பார்க்க வேண்டும் என்றாள். அப்புறம் எர்தோஸுக்குப் போன் போடணும், அவன்தான் என்னைப் பைத்தியம் என்பான் என்று சிரித்தாள்.

பத்து மணிக்கு இயக்குநர் அறையில் போன் அடித்தது. மலையில் இருந்த ஒரே போன் அது. எர்தோஸ் ஓட்டிப்போன லாரி விடியற்காலை நெடுஞ்சாலையில் கவிழ்ந்துவிட்டது. இருபத்துமூன்று வயது. உடலை மக்பாலின் கணவருடைய அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கணவர் எப்போதோ போய்ச் சேர்ந்தவர். அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர் இந்த அண்ணன்தான், எழுபத்தொன்பது வயது. மருமகள் அந்த வீட்டு ஆண்கள் பெயரை வாயால் சொல்வதில்லை என்பதால் மக்பாலுக்கு அவர் 'பெரிய வீட்டார்'. நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். பெரிய வீட்டார் போனில் இயக்குநரிடம் முதலில் சொன்னது ஒரே வாக்கியம்.

"நான் வந்து சொல்றவரைக்கும் அவ காதுல ஒரு சொல் விழக்கூடாது."

இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மலையில் சாவுச் செய்தியைப் போட்டு உடைக்கிற வழக்கம் கிடையாது. செத்தவனின் தாயிடம் எவனாவது ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னால் அவன் மனுஷனே இல்லை. மூத்தவர்கள் மூன்று பேராவது கூடிப் போக வேண்டும். அவளை உட்காரவைத்து, பெண்களைச் சுற்றி நிறுத்தி, சிறகொடிந்த பறவை, ஆளில்லாமல் திரும்பிய குதிரை என்று சுற்றி வளைத்துப் பேசி, அவளே புரிந்துகொள்கிற இடத்துக்கு மெள்ளக் கொண்டுவருவார்கள். கேட்பித்தல் என்று தமிழில் சொல்லலாம். ஒரு தாய் அந்தச் செய்தியைத் தனியாக வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நல்ல வழக்கம். இன்றைக்கும் நல்ல வழக்கம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் திங்கள்கிழமை மாலை மேலே பனிக்கட்டி ஏரி உடைந்து, சேறும் பாறையுமாக இறங்கிச் சாலையை மூன்று இடத்தில் அடித்துக்கொண்டு போயிருந்தது. கார் ஏறாது. பெரிய வீட்டார் இன்னும் இரண்டு பெரியவர்களோடு குதிரையில் வருகிறேன், புதன் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்றார். அடக்கம் வியாழன் மத்தியானம். வெயில் காலம், அதற்குமேல் வைத்திருக்க முடியாது. கணக்குச் சரியாக இருந்தது.

கபித்துக்குக் கொடுத்த வேலை, அவளைப் போன் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்வது. லைன் அறுந்துவிட்டது அப்கே, சேறு கம்பத்தைச் சாய்த்துவிட்டது என்றான். அவளும் நம்பினாள். பிறகு தட்டுகள். அறுபத்தொன்றாம் வருஷப் பெட்டி கீழ் நிலவறையில் இருக்கிறது, ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவர முடியும் என்றான். உண்மையில் எல்லாப் பெட்டிகளும் ஒரே அலமாரியில் இருந்தன. பத்து நிமிஷ வேலை. அதை அவன் இரண்டு நாளாக இழுத்தான். ஒரு பெட்டி தீர்ந்து அவள் நிமிரும்போது அடுத்த பெட்டியோடு போய் நிற்பான்.

(இது கபித்தின் கெட்டிக்காரத்தனம் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

5

புதன்கிழமை காலை சமையல்காரி குல்பாஷ் ஒரு தப்பு செய்தாள். அந்த மலையில் பிறந்தவளால்தான் அந்தத் தப்பைச் செய்ய முடியும்.

செத்தவர்களுக்காக எண்ணெய் காயவைத்து மெல்லிய அப்பம் ஏழு சுடுவார்கள். அந்த வாசனை போய்ச் சேரும் என்று நம்பிக்கை. குல்பாஷ் எர்தோஸைத் தூக்கி வளர்த்தவள். கோடை விடுமுறையெல்லாம் அவன் அவள் அடுப்படியில்தான் கிடப்பான். மனசு கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் சுட்டுவிடலாம் என்று அதிகாலையில் அடுப்பைப் பற்றவைத்தாள். சூடான எண்ணெய் வாசனையை எங்கே ஒளித்துவைப்பது? மக்பால் நேரே சமையலறைக்கு வந்தாள். தட்டில் அடுக்கியிருந்ததைப் பார்த்தாள். ஏழு.

"யாருக்கு?"

குல்பாஷ் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எங்க அப்பா கனவுல வந்தாரு" என்றாள்.

மக்பால் உடனே முகத்தை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் ஏந்தி, போனவருக்கு இடம் வெளிச்சமாக இருக்கட்டும் என்று வேண்டி, கையால் முகத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு வழக்கப்படி ஒரு அப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நல்லாயிருக்கு என்றாள். இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். குல்பாஷ் அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்புறத்துக்கு ஓடினாள்.

அன்று பதினொரு மணித் தேநீருக்கு எல்லாரும் கூடினோம் (கூடினார்கள் என்று திருத்திக்கொள்ளவும்). மக்பால் தன் கையால் தேநீர் ஊற்றினாள், அங்கே மரியாதைக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். இதுவரைக்கும் இருபத்தாறு பழைய தட்டுகள் பார்த்தாகிவிட்டது, எழுபத்தொன்று ஒருமுறைகூட மங்கவில்லை, இது தூசியும் இல்லை குமிழும் இல்லை என்றாள். விஷயம் பெரிசு என்று எல்லாருக்கும் புரிந்தது. ஒருவரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவள் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, சமாதானம் பண்ணுகிற மாதிரி விளையாட்டாகச் சொன்னாள்:

"பாவம், அதுக்கே தெரிஞ்சிருக்காது. உள்ள எல்லாம் முடிஞ்சு எத்தன நாளோ ஆயிருக்கும். மேல இருக்கறவளுக்கு யாரும் சொல்லல. அவ பாட்டுக்கு மினுக்கிக்கிட்டு நின்னிருக்கா."

இந்த உவமையை நான் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணுகிறேன். செய்திருந்தால் கூசிப்போய் அடித்திருப்பேன். அவள் சொன்னது. சொல்லிவிட்டுச் சிரித்தாள். யாரோ கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். சத்தம் பெரிதாகக் கேட்டது.

6

புதன், மத்தியானம் இரண்டு மணி. மறுபடி போன். பெரிய வீட்டாரும் மற்றவர்களும் முதல் ஓடையையே தாண்ட முடியவில்லை. தண்ணீர் ஏறிவிட்டது, குதிரைகள் இறங்க மறுக்கின்றன, திரும்பிவிட்டார்கள். மறுநாள் காலை மேட்டுப் பாதையைச் சுற்றி வருவார்கள். அப்படியானால் வந்து சேர வியாழன் சாயங்காலம். அதற்குள் அடக்கம் முடிந்துவிடும். அடக்கத்தைத் தள்ளிப்போட மதகுரு ஒத்துக்கொள்ளவில்லை.

முகட்டு வழியாக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. நடந்தால் ஆறு மணி நேரம். கிழவர்களால் ஏற முடியாது. மக்பாலால் முடியும், வருஷத்துக்கு நாலு தடவை அதில் காளான் பொறுக்கப் போகிறவள். ஜூலையில் அங்கே இருட்ட ஒன்பதரை மணி ஆகும், மூன்று மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடலாம். அதற்கு யாராவது அவளிடம் சொல்ல வேண்டும். இப்போதே.

இயக்குநர் துலெகென் அகாய் ('அகாய்' நம் 'ஐயா' மாதிரி) கபித்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். மக்பாலின் கணவர் வழியில் தூரத்துச் சொந்தம். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மூத்தவர் வாயத் திறக்காம நாம திறக்க முடியாது, கபித். நீயும் நானும் அந்த வீட்டு ஆளுங்க."

கபித் தலையைக் குனிந்தான். அவன் என்ன செய்வான், பாவம். பிறந்ததிலிருந்து அந்த வழக்கத்தில் வளர்ந்தவன். அதை மீறினால் அவனுக்கு அந்த மலையில் ஊரே கிடையாது. மனம் வெடித்தாலும் அவனால்

7

முடியவில்லை. மேலே அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு ஒரு வாரம் இதைத் தொடவில்லை.

எனக்கு இந்தக் கபித்மேல் முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை. எது செய்தாலும் 'பாவம்' என்று முடிகிறான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. அந்தக் காரணத்தை அவனுக்குக் கொடுத்தவன் யார்? நான்தான். எனக்கு இல்லாத காரணத்தை ஒருவனுக்குக் கொடுத்து, அவனைப் பார்த்து நானே இரக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கேவலம்.

கபித் என்று யாரும் இல்லை. நான் விடுப்பில் போகவும் இல்லை. தட்டு அறையைப் பார்த்துக்கொண்டவன் நான். என் பெயர் தங்கவேலு. இருபத்தொரு வயதில் படிக்க வந்து, படிப்பு முடிந்தும் திரும்பாமல் அந்த மலையிலேயே தங்கியவன். நாற்பதை நெருங்கியபோது என் பெயரை அவர்கள் வழக்கப்படி மரியாதையாகச் சுருக்கித் 'தாகே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு மனுஷனை நம்மவன் என்று ஏற்றுக்கொண்டால்தான் அப்படிச் சுருக்குவார்கள். முதல்முறை அதைக் கேட்ட அன்று நான் என் அறையில் போய் அழுதேன். சந்தோஷத்தில். இதையும் எழுதிவைக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி அந்த இரண்டு மணியை நடந்தபடி எழுதுகிறேன். துலெகென் அகாய் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தது உண்மை. அவர் சொன்னது வேறு.

"தாகே, நீ போய்ச் சொல்லிரு. நாங்க சொன்னா பெரியவரை மீறினதா ஆயிரும். நீ எங்க ஆள் இல்லையே. உன்ன ஒருத்தரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. வெளியூர்க்காரன், தெரியாம சொல்லிட்டான்னு விட்டுருவாங்க."

அவர் அதை எவ்வளவு யோசித்துக் கண்டுபிடித்திருப்பார்! மற்ற எல்லார் கையும் கட்டியிருக்கிற இடத்தில் கட்டில்லாத ஒரு கையைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. 'எங்க ஆள் இல்லையே' என்பது மட்டும் விழுந்தது.

"பத்தொன்பது வருஷமா உங்ககூடத்தான் சாப்பிடுறேன், அகாய். இன்னும் நான் உங்க ஆள் இல்லையா?"

"அதுக்கு இப்ப என்ன தாகே? மணி ரெண்டு ஆச்சு."

"உங்களுக்கு உள்ள கட்டுப்பாடு எனக்கும் உண்டு. பெரியவர் வரட்டும்."

அவர் திட்டியிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவரைத் தவிர மற்ற யாருக்கும் இந்தப் பேச்சு தெரியாது. நான் அலமாரியிலிருந்து அறுபத்தெட்டாம் வருஷப் பெட்டியை எடுத்துக்கொண்டு மக்பாலிடம் போனேன். லைன் வந்துடுச்சா என்று கேட்டாள். இன்னும் இல்லை அப்கே என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

அவர்களைவிட ஒழுங்காக அவர்கள் வழக்கத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு பெருமை இருந்தது. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

8

வியாழன் சாயங்காலம் நாலு மணிக்கு மூன்று கிழவர்கள் சேறு படிந்த குதிரைகளிலிருந்து இறங்கினார்கள். அவர்கள் மக்பாலிடம் என்ன சொன்னார்கள் என்பதை எழுத மாட்டேன். அவர்களுக்கு நாற்காலி போட்டவன் மட்டும்தான் நான், அந்த வார்த்தைகளைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

வாசலில் மூன்று பேரைச் சேர்த்துப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெரிய வீட்டார் தாடியைத் தடவிக்கொண்டு தொடங்குவதற்குள், அந்த வீட்டு மருமகள் அவர் முன்னால் குரல் உயர்த்தக் கூடாது என்பதையும் மறந்து, நேராகக் கேட்டாள்:

"அடக்கம் ஆயிடுச்சா?"

கிழவருக்குத் தயாரித்துக்கொண்டு வந்த எதுவும் பயன்படவில்லை. மத்தியானம் ஆச்சு என்றார்.

அவள் குல்பாஷைத் திரும்பிப் பார்த்தாள். "நேத்து நான் சாப்பிட்டேனே," என்றாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் போட்ட சத்தத்தை எழுதத் தமிழில் எழுத்து இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை.

அடுத்த வசந்தத்தில் சாமான்களை எடுத்துக்கொள்ள ஒருநாள் மேலே வந்தாள். அந்த இரண்டு மணிப் பேச்சைத் துலெகென் அகாய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தெரியாது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அவங்களுக்கு வேற வழியில்ல. உனக்கு என்ன?"

 அந்த வருஷக் கடைசியில் நானும் மலையை விட்டு இறங்கினேன்.

இதழ்க்காரர்கள் கேட்டால் சொல்வதற்காக: எழுபத்தொன்றாம் எண் நட்சத்திரம் கருந்துளையாக ஆயிற்றா என்று தெரியாது. தூசிக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். உறுதிப்படுத்த அடுத்தடுத்த மாதங்களில் தட்டு எடுத்திருக்க வேண்டும். எடுக்க அவள் இல்லை. வேறு யாரும் எடுக்கவில்லை. கூடத்தை மூடிவிட்டார்கள்.

9

முடிவுகள்.

அ. தங்கவேலு சொல்லிவிடுகிறான். மக்பால் முகட்டுப் பாதையில் ஓடுகிறாள், இருட்டுமுன் போய்ச் சேர்கிறாள், மகன் நெற்றியில் கை வைக்கிறாள். பெரிய வீட்டார் தங்கவேலுவை மன்னிக்கிறார், அல்லது மன்னிக்காமல் போகிறார், அதனால் யாருக்கு என்ன?

இதைப் பதினோரு முறை எழுதினேன். எதிலும் முடியவில்லை. எழுத்தில்தானே, யார் தடுப்பார்கள் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அவன் அவள் அறை வாசல்வரைக்கும் போகிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். அந்தச் சந்தோஷமான முகத்தைப் பார்த்ததும் அடுத்த பெட்டியை நீட்டிவிடுகிறான். என் கையில் பேனா இருந்தும் அவன் வாயைத் திறக்கவைக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அது வழக்கமும் இல்லை, ரோஷமும் இல்லை. அதெல்லாம் மேலே இருந்தவை. அடியில் இருந்தது வெறும் பயம். அந்த முகம் அழிவதை நான் பார்க்க வேண்டியிருக்குமே என்கிற பயம்.

ஆ. (எழுதவில்லை.)

10

அதனால் இதை உங்களிடம் விடுகிறேன். விடுவதற்கு எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்காதீர்கள், இல்லை.

நீங்கள் அந்த மலையைச் சேர்ந்தவர் இல்லை. பெரிய வீட்டாருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் பெயரை அங்கே யாரும் மரியாதையாகச் சுருக்கப்போவதில்லை, அதனால் இழக்க ஒன்றும் இல்லை. புதன்கிழமை, மணி இரண்டே கால். இயக்குநர் அறையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் மூன்றாவது கதவு, சாத்தியிருக்காது. அவளுடைய மலைச் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. முகட்டுப் பாதையில் இன்று மழை இல்லை. மூன்று மணிக்குள் கிளம்பினால் போதும். அவள் கருவியில் குனிந்திருக்கிறாள்.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்கிறாள். சிரிக்கிறாள். உங்கள் கையில் பெட்டி இல்லை என்பதைப் பார்க்கிறாள்.